சிகுரூப் வி2-இல் நினைவக வரம்பைக் குறைப்பது: மூன்று கோப்புகள், ஒரு மதிப்பீடு

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சர்வீஸுக்கு 6 ஜிபி நினைவகம் ஒதுக்கியிருக்கிறது. 4 ஜிபி போதும், மிச்சத்தை வேறொன்றுக்குக் கொடுக்கலாம் என்று முடிவாகிறது. சர்வீஸை நிறுத்தக் கூடாது, பயனர்களுக்குத் தெரியக் கூடாது. லினக்ஸில் இந்த வேலைக்கு இருப்பது, பிராசஸ்களைக் குழுவாக்கி வரம்பு வைக்கும் கர்னல் வசதியான சிகுரூப் வி2-இன் மெமரி கன்ட்ரோலர். அதன் ஒவ்வொரு அமைப்பும் ஒரு கோப்பு, அதில் எண்ணை எழுதித்தான் மாற்ற வேண்டும். வரம்பு வைப்பதில் அது எப்படி என்று எல்லோரும் எழுதிவிட்டார்கள். வைத்த வரம்பைக் கீழே இறக்கும்போது, ஏற்கெனவே பிராசஸ்கள் பிடித்துவைத்திருக்கும் நினைவகத்தை அது எப்படித் திரும்ப வாங்குகிறது என்பது மட்டும்தான் இந்த மதிப்பீட்டின் பொருள்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கருவி உறுதியானது, வடிவமைப்பு சரியானது. ஆனால் பெரும்பாலோர் கைவைக்கும், கடுமையான உச்ச வரம்பை வைக்கும் மெமரி.மேக்ஸ் கோப்பு இந்த வேலையின் கடைசிப் படியில் வர வேண்டியது. அதை முதல் படியாக எடுப்பவர்களுக்குத்தான் சர்வீஸ் செத்துப்போகிறது.

பழைய சிகுரூப் வி1-ஐக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். அதன் மெமரி கன்ட்ரோலர் 2008-இல் கர்னல் 2.6.25-உடன் வந்தது. அதில் மெமரி.லிமிட்_இன்_பைட்ஸ் கோப்பில் தற்போதைய பயன்பாட்டைவிடக் குறைந்த எண்ணை எழுதினால், கர்னல் முதலில் பக்கங்களை (நினைவகத்தின் சிறு துண்டுகளை) மீட்கப் பார்க்கும். முடியாவிட்டால் 'ஈபிஸி' ('இப்போது இயலாது') பிழையோடு திரும்பும். பழைய வரம்பு அப்படியே இருக்கும். பார்க்க நல்லபிள்ளைபோலத் தெரியும் இந்த நடத்தையில் ஓர் ஓட்டை உண்டு. கர்னல் ஒருபுறம் மீட்டுக்கொண்டிருக்க, புதிய வரம்பு இன்னும் அமலுக்கு வராததால் பிராசஸ்கள் மறுபுறம் பழைய வரம்புவரை புதிதாக வாங்கிக்கொண்டே இருக்கலாம். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிரப்பும் கதை. குறைப்பது நடக்குமா நடக்காதா என்பது அந்த நேரத்தில் சர்வீஸ் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

வி2-இல் இந்த வரிசையைத் தலைகீழாக்கினார் கர்னல் டெவலப்பர் யோஹானஸ் வைனர். 2016-இல் கர்னல் 4.6-இல் சேர்ந்த மாற்றம் அது. மெமரி.மேக்ஸில் எழுதிய மறுகணம் புதிய வரம்பு அமலுக்கு வந்துவிடும். அதன் பிறகுதான் மீட்பு தொடங்கும். புதிதாக யார் கேட்டாலும் கதவு மூடியிருக்கும்.

உள்ளே நடப்பதைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் ஆபத்து எங்கே என்று புரியும். எழுதும் அழைப்பு கர்னலுக்குள் ஒரு சுழற்சியில் இறங்குகிறது. பயன்பாடு வரம்புக்குள் வந்துவிட்டதா என்று பார்க்கிறது, வந்திருந்தால் வெளியேறுகிறது. வராவிட்டால், முதல் தடவை மட்டும், ஒவ்வொரு சிபியுவும் முன்கூட்டியே வாங்கிவைத்திருக்கும் சில்லறையைக் கறக்கிறது. சிபியு ஒன்றுக்கு 64 பக்கம்வரை இப்படிக் கணக்கில் தொங்கும். 4 கேபி பக்கத்தில் அது 256 கேபி, 64 சிபியு உள்ள சர்வரில் அதிகபட்சம் 16 எம்பி. சிறிய கன்டெய்னருக்கு இது பெரிய தொகை. அடுத்து உண்மையான மீட்பு: பயன்பாட்டுக்கும் வரம்புக்கும் உள்ள இடைவெளி எவ்வளவோ அவ்வளவு பக்கங்களை விடுவிக்க முயல்கிறது. ஒரு பக்கம்கூடத் தேறாத சுற்றுகள் மட்டும் எண்ணப்படுகின்றன. அப்படி 16 வெறும் சுற்று ஆகிவிட்டால் நினைவகம் தீரும்போது பிராசஸைக் கொல்லும் ஓஓஎம் கில்லரைக் கர்னல் கூப்பிடுகிறது, குழுவுக்குள் ஒரு பிராசஸைக் கொல்கிறது. அதுவும் போதாவிட்டால் இன்னொன்று. கொல்வதற்கு ஆளே இல்லாத நிலை வந்தால்தான் கைவிடுகிறது.

இந்தச் சுழற்சியிலிருந்து மூன்று விஷயங்கள் நேரடியாகக் கிடைக்கின்றன, மூன்றையும் பலர் கவனிப்பதில்லை.

முதலாவது, எழுதும் அழைப்பு வெற்றி என்று திரும்புவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பாதி வழியில் சிக்னல் வந்து சுழற்சி உடைந்தாலும் சரி, பிராசஸ் செத்து இடம் கிடைத்திருந்தாலும் சரி, எழுதியவருக்கு ஒரே பதில்தான். எழுதுவதற்கு முன்னும் பின்னும் மெமரி.ஈவென்ட்ஸ் கோப்பில் உள்ள ஓஓஎம்_கில் எண்ணை எடுத்து ஒப்பிடுங்கள், மெமரி.கரன்ட்டையும் பாருங்கள். அழைப்பின் பதிலை மட்டும் வைத்து உண்மை தெரியாது. இந்தக் கருவியில் எனக்குள்ள பெரிய குறை இதுவே. 'முடிந்தால் குறை, முடியாவிட்டால் ஈபிஸி சொல், யாரையும் கொல்லாதே' என்று கேட்க மெமரி.மேக்ஸில் வழி இல்லை.

இரண்டாவது, கன்ட்ரோல்-சி அழுத்தினால் மீட்பு நிற்கும், வரம்பு நிற்காது. புதிய வரம்பு ஏற்கெனவே அமலில் இருப்பதால், அடுத்து நினைவகம் கேட்கும் பிராசஸ் அதே சுவரில் போய் மோதும். பயந்து நிறுத்தினால், உடனே பழைய எண்ணைத் திரும்ப எழுதவும் வேண்டும்.

மூன்றாவது, மீட்கும் உழைப்பு முழுவதும் எழுதியவர் தலையில். பக்கங்களைத் துழாவுவது, ஸ்வாப்பில் (நினைவகப் பக்கங்களை ஒதுக்கிவைக்கும் டிஸ்க் இடத்தில்) எழுதுவது எல்லாம் எழுதிய பிராசஸின் சிபியு நேரத்தில் நடக்கிறது. கையால் எக்கோ கொடுத்தால் உங்கள் ஷெல் கொஞ்சம் தொங்கும், அவ்வளவுதான். ஆனால் சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி வழியாக 'செட்-பிராப்பர்ட்டி' கொடுத்து மெமரிமேக்ஸைக் குறைத்தால், சிஸ்டம் சர்வீஸ்களுக்கு அந்தக் கோப்பில் எழுதுவது பிஐடி 1. பல ஜிபியை மீட்க வேண்டியிருந்தால், இயந்திரத்தின் முதல் பிராசஸ் அந்த நேரம் முழுவதும் வேறு வேலை பார்க்காது. மெதுவான டிஸ்கில் ஸ்வாப் இருக்கும் சர்வரில் இதைச் செய்யவே கூடாது.

இதே சிக்கல், மேக்ஸைவிட மென்மையான வரம்பை வைக்கும் மெமரி.ஹை கோப்பிலும் உண்டு, அதற்கு ஒரு வரலாறும் உண்டு. 2020-இல் ரோமன் குஷ்சின் செய்த மாற்றம் மெமரி.ஹையில் வரிசையைத் திருப்பியது: முதலில் மீட்பு, அப்புறம் வரம்பு. வரம்பு திடீரென்று இறங்கி சர்வீஸ் திக்குமுக்காடக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் வி1-இன் ஓட்டை வேறு உருவில் திரும்பியது. வரம்பு இல்லாத பிராசஸ்கள் வாங்கிக்கொண்டே இருக்க, எழுதிய நிர்வாக டீமன் கர்னலுக்குள்ளேயே நிமிடக்கணக்கில் சுற்றிக்கொண்டிருந்தது. 2021 பிப்ரவரியில் வைனர் அதைத் திரும்பப் பெற்றார். 'முதலில் கதவை மூடு, பிறகு உள்ளே இருப்பதை எடு' என்ற வரிசைதான் சரி என்பது இரண்டு முறை நிரூபணமான பாடம்.

எழுதுபவர் மாட்டிக்கொள்ளும் சிக்கலுக்கு 2025-இல் ஒரு தீர்வு வந்தது. மெமரி.மேக்ஸையோ மெமரி.ஹையையோ ஓ_நான்பிளாக் கொடியோடு திறந்து எழுதினால், கர்னல் வரம்பை மட்டும் வைத்துவிட்டுத் திரும்பிவிடும். மீட்பும் கொலையும் அந்தக் குழு அடுத்த முறை நினைவகம் கேட்கும்போது, அதன் சொந்த நேரத்தில் நடக்கும். ஷெல்லில் இதற்கு எளிய வழி, எண்ணை டிடி கட்டளைக்குப் பைப் செய்து 'ஓஃபிளாக்=நான்பிளாக்' கொடுப்பது. நூற்றுக்கணக்கான கன்டெய்னர்களை ஒரே டீமன் மேய்க்கும் இடத்தில் இது அருமையான வசதி. ஆனால் இது மென்மையான வழி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஓஓஎம் தள்ளிப்போகிறதே தவிர நீங்குவதில்லை. குழு புதிதாக எதுவும் கேட்காமல் சும்மா இருந்தால் பயன்பாடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வரம்புக்கு மேலேயே நிற்கும். நீங்கள் விடுவித்ததாக நினைத்து வேறொன்றுக்குக் கொடுத்த 2 ஜிபி உண்மையில் இன்னும் கைக்கு வந்திருக்காது.

மெமரி.ஹை கோப்பு யாரையும் கொல்லாது. எழுதியதும் வரம்பை வைத்து, முடிந்தவரை மீட்டு, முடியாவிட்டால் பேசாமல் விட்டுவிடும். மிச்சத்துக்கு அது வேறு வழியில் கணக்குத் தீர்க்கிறது: வரம்புக்கு மேலே இருந்துகொண்டு இன்னும் கேட்கும் திரெட்டை மீட்பு வேலையில் இறக்குகிறது, அதுவும் போதாவிட்டால் தூங்கவைக்கிறது. எவ்வளவு மீறலோ அதைவிட வேகமாகத் தூக்கம் கூடும். ஒரு தடவைக்கு உச்சம் 2 விநாடி. 200 மில்லிவிநாடியில் பதில் சொல்ல வேண்டிய வெப் சர்வீஸுக்கு 2 விநாடித் தூக்கம் என்பது சாவுக்குச் சமம்தான், ஆனால் வரம்பை உயர்த்தினால் எழுந்துவிடும். அந்தத் திரும்பும் வழி இருப்பதால்தான் இதை மேக்ஸுக்கு முன்னால் பயன்படுத்தச் சொல்கிறோம்.

மூன்றாவது கோப்பு மெமரி.ரீக்ளெய்ம். 2022-இல் கர்னல் 5.19-உடன் வந்தது. இந்த வேலைக்காகவே பிறந்தது, இந்த மதிப்பீட்டில் முழுப் பாராட்டும் பெறுவது. '256எம்' என்று எழுதினால் அந்தக் குழுவிலிருந்து ஏறத்தாழ அவ்வளவு பக்கங்களை மீட்கப் பார்க்கும். வரம்பு எதையும் மாற்றாது. யாரையும் கொல்லாது. கேட்ட அளவு கிடைக்காவிட்டால் 'ஈஅகெய்ன்' என்று நேர்மையாகச் சொல்லும். கேட்டதைவிடச் சற்றுக் கூடவோ குறையவோ மீட்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். ஈஅகெய்ன் வந்தாலும் ஒன்றுமே கிடைக்கவில்லை என்று பொருளில்லை. புதிய கர்னல்களில் அதே வரியில் 'ஸ்வாப்பினெஸ்=0' என்று சேர்த்தால் ஃபைல் கேஷை (டிஸ்க் கோப்புகளின் நினைவகப் பிரதியை) குறிவைத்து எடுக்கும், ஸ்வாப்பைத் தொடாமல் விடும்.

இனி அந்த 6 ஜிபி கணக்குக்கு வருவோம். எழுதுவதற்கு முன் மெமரி.ஸ்டாட்டைத் திறந்தால் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: அனான் (பிராசஸ்களின் சொந்த டேட்டா) 2.4 ஜிபி, ஃபைல் 3.3 ஜிபி, கர்னல் 0.3 ஜிபி. மேலோட்டமாகப் பார்த்தால் ஃபைல் 3.3 ஜிபியும் கேஷ், தூக்கிப்போட்டுவிடலாம், 3 ஜிபிக்குக்கூட இறக்கலாம் என்று தோன்றும். இங்கேதான் வழுக்குகிறது. ஃபைல் என்ற அந்த எண்ணுக்குள் டெம்ப்எஃப்எஸ் (நினைவகத்திலேயே இருக்கும் கோப்பமைப்பு), ஷேர்டு மெமரி (பிராசஸ்கள் பகிரும் நினைவகம்) இரண்டும் அடக்கம். ஷ்மெம் வரியைப் பாருங்கள்: 0.7 ஜிபி. இதற்குப் பின்னால் டிஸ்கில் கோப்பு கிடையாது. ஸ்வாப் இல்லாவிட்டால் இதை எங்கேயும் கொண்டுபோய் வைக்க முடியாது.

ஆகவே ஸ்வாப் இல்லாத இயந்திரத்தில் ஃபைல் வரியை விட்டுவிட்டு, இன்ஆக்டிவ்_ஃபைல், ஆக்டிவ்_ஃபைல், ஸ்லாப்_ரீக்ளெய்மபிள் (கர்னலின் சொந்தப் பயன்பாட்டில் மீட்கக்கூடியது) மூன்றையும் கூட்டுங்கள். ஷ்மெம் பக்கங்கள் அனான் பட்டியலில் நிற்பதால் இந்தக் கூட்டலில் வராது. நம் எடுத்துக்காட்டில் ஃபைல் இரண்டும் சேர்ந்து 2.6 ஜிபி, ஸ்லாப் 0.2 ஜிபி, ஆக 2.8 ஜிபி. 6-லிருந்து கழித்தால் 3.2 ஜிபி. இதற்குக் கீழே எந்த எண்ணை மேக்ஸில் எழுதினாலும் ஓஓஎம் நிச்சயம். 3.2-க்கும் நடைமுறையில் போகக் கூடாது, ஏனென்றால் ஆக்டிவ்_ஃபைலில் சர்வீஸின் சொந்த எக்ஸிக்யூட்டபிள் பக்கங்களும் லைப்ரரிகளும் இருக்கின்றன. அவற்றைத் தூக்கினால் அடுத்த நொடியே டிஸ்கிலிருந்து திரும்ப வாசிக்க வேண்டும். ஸ்லாப்பில் மீட்கலாம் என்று எழுதியிருப்பதும் முழுக்கக் கைக்கு வராது. திறந்திருக்கும் கோப்புகளின் டென்ட்ரிகள் (கர்னல் வைத்திருக்கும் கோப்புப் பெயர்க் குறிப்புகள்) விடாது. 4 ஜிபி இலக்கு என்றால் 0.8 ஜிபி இடைவெளி இருக்கிறது, தைரியமாகச் செய்யலாம். 3.5 என்றால் சோதித்துவிட்டுத்தான்.

செய்யும் முறை இப்படி. முதலில் மெமரி.ரீக்ளெய்மில் 128 எம்பி அல்லது 256 எம்பியாகக் கேளுங்கள், ஒரே மூச்சில் 2 ஜிபி கேட்காதீர்கள். ஒவ்வொரு தடவைக்கும் இடையில் 10 முதல் 15 விநாடி விடுங்கள். அந்த இடைவெளியில் பார்க்க வேண்டியது இரண்டு: மெமரி.பிரஷரில் சம் வரியின் ஏவிஜி10 (கடைசி 10 விநாடியில் ஏதேனும் ஒரு டாஸ்க் நினைவகத்துக்காகக் காத்திருந்த நேரத்தின் சதவீதம்), மெமரி.ஸ்டாட்டில் வொர்க்கிங்செட்_ரீஃபால்ட்_ஃபைல் (எடுத்த பக்கங்கள் திரும்ப வாசிக்கப்பட்ட எண்ணிக்கை). ரீஃபால்ட் எண் கொஞ்சம் ஏறி நின்றுவிட்டால், எடுத்தது குளிர்ந்த கேஷ், கவலையில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் விடாமல் ஏறினால், நீங்கள் எடுப்பதை சர்வீஸ் உடனே திரும்பக் கொண்டுவருகிறது. உண்மையான தேவையைத் தொட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். ஏவிஜி10 ஒரு சதவீதத்தைத் தாண்டினால் நிறுத்துங்கள். ஃபுல் வரியில் (எல்லா டாஸ்க்கும் ஒரே நேரத்தில் காத்திருந்தது) பூஜ்யத்தைத் தவிர எது வந்தாலும் நிறுத்துங்கள். இவை கர்னல் விதித்த எண்கள் அல்ல, பதில் நேரம் முக்கியமான சர்வீஸ்களுக்கு நாங்கள் பரிந்துரைக்கும் கைக்கணக்கு. இரவில் ஓடும் பேட்ச் வேலைக்கு இன்னும் தாராளமாக விடலாம்.

மெமரி.கரன்ட் 4 ஜிபிக்கு அருகில் வந்ததும் மெமரி.ஹையில் 4 ஜிபி வையுங்கள். சர்வீஸின் வழக்கமான உச்ச நேரம் ஒன்றாவது இந்த நிலையில் கடந்துபோகட்டும். மெமரி.ஈவென்ட்ஸில் ஹை எண்ணிக்கை எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பாருங்கள். எல்லாம் சரியென்றால், கடைசியாக மெமரி.மேக்ஸ், அதுவும் 4 அல்ல, 4.3 அல்லது 4.4 ஜிபி. ஹைக்கும் மேக்ஸுக்கும் நடுவில் அந்த 5 முதல் 10 சதவீதம் இருந்தால்தான் தூங்கவைக்கும் பொறிமுறைக்கு வேலை செய்ய இடம் கிடைக்கும். இரண்டையும் ஒரே எண்ணாக வைத்தால் ஹை வைத்ததற்கே பயனில்லை.

ஸ்வாப் இருந்தால் கணக்கு இளகும், ஆனால் முதலில் மெமரி.ஸ்வாப்.மேக்ஸ் என்ன என்று பாருங்கள். இயந்திரத்தில் 16 ஜிபி ஸ்வாப் இருந்தும் இந்தக் குழுவுக்கு அது பூஜ்யமாக இருக்கலாம், கன்டெய்னர்களில் இது சர்வசாதாரணம். பக்கங்களைச் சுருக்கி நினைவகத்திலேயே வைக்கும் ஜிஸ்வாப் ஓடினால் இன்னொரு கவனம் தேவை. சுருக்கிய பக்கங்களும் இதே குழுவின் மெமரி.கரன்ட் கணக்கில்தான் இருக்கும். மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும் டேட்டா என்றால், 900 எம்பியை ஸ்வாப்புக்கு அனுப்பினாலும் 300 எம்பி கணக்கிலேயே நிற்கும், நிகர லாபம் 600 எம்பிதான்.

வராது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளக்கூடிய நினைவகம் இன்னும் சில உண்டு. எம்லாக் செய்தவை (நினைவகத்திலேயே பூட்டிவைத்தவை) அன்எவிக்டபிள் வரியில் தெரியும். சில டேட்டாபேஸ்களில் இது பெரிய எண்ணாக இருக்கலாம். ஃபைல்_டர்ட்டி அதிகமாக இருந்தால் அந்தப் பக்கங்களை டிஸ்கில் எழுதாமல் விடுவிக்க முடியாது, ஆகவே குறைப்பதற்கு முன் ஒரு சிங்க் கொடுத்துவிடுவது நல்லது. டெவ்/எஸ்ஹெச்எம்-இல் யாரோ போட்டுவிட்டு மறந்த கோப்புகள், போட்ட பிராசஸ் செத்த பிறகும் அந்தக் குழுவின் கணக்கிலேயே கிடக்கும், அழித்தால்தான் போகும். பிராசஸை ஒரு குழுவிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தினாலும் வி2-இல் பழைய பக்கங்களின் கணக்கு கூடவே போகாது, முதலில் வாங்கிய குழுவிலேயே தங்கும். 'எல்லாப் பிராசஸையும் மாற்றிவிட்டேன், இன்னும் 1 ஜிபி காட்டுகிறதே' என்ற குழப்பத்துக்குக் காரணம் இதுதான்.

தாய்க் குழுவின் வரம்பைக் குறைப்பவர்கள் கீழே உள்ள குழுக்களின் மெமரி.மின் (மீட்கக் கூடாது என்று காக்கும் அளவு) மதிப்புகளைக் கட்டாயம் கூட்டிப்பார்க்க வேண்டும். மேலிருந்து வரும் மீட்பு அந்தப் பாதுகாக்கப்பட்ட பக்கங்களைத் தொடாது. தாயின் மேக்ஸ் 4 ஜிபி, பிள்ளைகளின் மின் மதிப்புகள் சேர்ந்து 4.5 ஜிபி, அவை அதை முழுக்கப் பயன்படுத்தியும் இருக்கின்றன என்றால், கேஷ் எவ்வளவு இருந்தாலும் கர்னல் கொல்லத்தான் போகும்.

பல பிராசஸ் கொண்ட சர்வீஸாக இருந்தால் மேக்ஸைத் தொடுமுன் மெமரி.ஓஓஎம்.குரூப்பில் 1 எழுதிவிடுங்கள், கொன்றால் குழு முழுவதும் சேர்ந்து போகும். இல்லாவிட்டால் ஒரு வொர்க்கர் மட்டும் செத்து, மற்றவை அதன் பதிலுக்குக் காத்துக்கொண்டு பாதி உயிரோடு நிற்கலாம். முழுதாகச் செத்தால், ரீஸ்டார்ட் அமைத்திருந்தால், சிஸ்டம்டி எழுப்பிவிடும்; அரைகுறையாக நின்றால் யாருக்கும் தெரியாமல் போகலாம்.

மேலடுக்குக் கருவிகள் இந்த ஆபத்தை இப்போது ஓரளவு உணர்ந்திருக்கின்றன. கன்டெய்னர்களுக்கான பொதுத் தரமான ஓசிஐ ரன்டைம் விவரக்குறிப்பில் 'செக்பிஃபோர்அப்டேட்' என்ற தேர்வு இருக்கிறது. அதை வைத்தால், தற்போதைய பயன்பாடு புதிய வரம்பைவிட அதிகமாக இருக்கும்போது மாற்றம் மறுக்கப்படும். கர்னல் தராத ஈபிஸியை மேலிருந்து செய்துகாட்டும் முயற்சி. கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸின் 1.33-இல் கன்டெய்னரை மறுதொடக்கம் செய்யாமல் நினைவக வரம்பைக் குறைக்கவே முடியாது, 1.34-இல் அனுமதி வந்தது. பயன்பாடு அதிகமாக இருந்தால் குபிலெட் (ஒவ்வொரு இயந்திரத்திலும் ஓடும் அதன் ஏஜென்ட்) மாற்றாமல் காத்திருக்கும். ஆனால் பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் இடையில் பயன்பாடு ஏறிவிடலாம், ஆகவே இது உத்தரவாதம் அல்ல என்று அவர்களே சொல்கிறார்கள்.

5.19-க்கு முந்தைய கர்னலில் மெமரி.ரீக்ளெய்ம் இருக்காது. அங்கே மெமரி.ஹையை வைத்து அதே வேலையைச் செய்யலாம்: தற்போதைய பயன்பாட்டில் 128 எம்பி குறைத்து ஹையில் எழுதுங்கள், எழுதும் அழைப்பு திரும்பியதும் உடனே 'மேக்ஸ்' என்று எழுதி ஹையைத் திறந்துவிடுங்கள், சிறிது நேரம் கழித்து மறுபடியும். இந்த இரண்டு எழுத்துக்கும் நடுவில் உங்கள் ஸ்கிரிப்ட் செத்துவிட்டால் ஹை கீழேயே மாட்டிக்கொள்ளும், சர்வீஸ் காரணம் தெரியாமல் தூங்கிக்கொண்டிருக்கும். அதனால் ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே வெளியேறும்போது ஹையைத் திறக்கும் டிராப்பை வைத்துவிடுங்கள். கில் -9 வந்தால் டிராப்பும் ஓடாது, அதற்கு வெளியிலிருந்து ஒரு டைமர் ஹையைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.